ஒன்றேகால் மணி அமைதி

எண்பதுகளில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் அறை என் பொறுப்பில் இருந்தது. காலை ஏழு ஐம்பதுக்கு அறையைத் திறப்பேன். ஏழு ஐம்பத்தைந்துக்கு டிரையரின் சுவிட்சைப் போடுவேன். பத்து நிமிடம் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளட்டும் என்று விட்டு, எட்டு ஐந்துக்குக் காற்று வால்வைத் திறப்பேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் யாருக்காகவும் ஒன்பதாக்கியதில்லை. ஸ்ப்ரே பகுதியில் எட்டு மணிக்கே, காற்றழுத்தத்தில் சாயம் தெளிக்கும் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் ஜன்னல் வழியாகத் தன் வெறும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். அவர்தான் மேஸ்திரி. கைக்கடிகாரம் கட்டாத மனிதர், என் கைக்கடிகாரத்தைக் கேலி செய்வதில் மட்டும் நேரம் தவறியதில்லை.

அந்த டிரையர் வந்து இறங்கிய நாளிலேயே கேலி தொடங்கிவிட்டது. தோல் தொழிலில் டிரையர் என்றால் தோலைக் காயவைக்கும் இயந்திரம். வேறு அர்த்தமே கிடையாது. ஆளுயரப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மேஸ்திரி கேட்டார்.

“ஒரு தபாவுக்கு எத்தினி தோல் சார் உள்ள போவும்?”

“தோல் போகாது பாய். காத்து மட்டும்தான் போகும்.”

“காத்தைக் காயவைக்கவா இவ்ளோ பெரிய பொட்டி?”

“ஆமாம்.”

“சூடு பண்ணியா?”

“குளிரவச்சு.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நான் பொறந்ததுலேர்ந்து ஆம்பூர்ல இருக்கேன் சார். குளுருல காஞ்ச பொருள் ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல.”

நான் அவரை டீக்கடைக்கு அழைத்துப்போய், ஐஸ் போட்ட சர்பத் ஒன்று வாங்கி, தம்ளரின் வெளிப்பக்கம் துளிர்த்த நீரைக் காட்டினேன். அந்தத் தண்ணீர் சர்பத்திலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. கம்ப்ரஸர் காற்றை அமுக்கி அனுப்பும்போது அதில் ஈரம் ஏராளமாக இருக்கும். அதை நான்கு டிகிரிக்குக் குளிரவைத்தால் ஈரம் துளியாகி விழுந்துவிடும். மீதிக் காற்று உலர்ந்து துப்பாக்கிக்குப் போகும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு, “புரிஞ்சுது சார். ஃப்ரிட்ஜ்” என்றார்.

அன்று முதல் அது ஃப்ரிட்ஜ். மறுநாளே எலுமிச்சைத் தண்ணீர் பாட்டில் ஒன்றை அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். உள்ளே குளிர்விக்கும் இயந்திரம் எதுவானாலும் வெளியே வெப்பத்தைத்தான் தள்ளும். மதியம் வந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். “இன்னா சார் இது, வெந்நி போட்டு வச்சிருக்கீங்க.”

எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் பிரியம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. புதன்தோறும் அதன் பக்கவாட்டுத் தகடுகளில் ஒட்டியிருக்கும் தோல் தூளை மென்மையான பிரஷ்ஷால், மேலிருந்து கீழாக மட்டும், துடைப்பேன். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மூன்று நிமிடம் காத்திருந்துதான் போடுவேன். ஒவ்வொரு மணிக்கும் குளிர்நிலையைப் படித்து லாக் புத்தகத்தில் நீல மையால் எழுதுவேன். எழுதியதை அடித்துத் திருத்திய பக்கம் அந்தப் புத்தகத்தில் ஒன்றுகூட இல்லை.

இனி அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காற்றிலிருந்து பிரிந்த தண்ணீர் டிரையரின் அடியில் ஒரு சிறு கிண்ணத்தில் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தானியங்கி வால்வு திறந்து, காற்றின் அழுத்தத்தில் அந்தத் தண்ணீரை வெளியே துப்பும். ‘புஸ்ஸ்’ என்று பெரிய பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். என் அறைக்கு அடுத்த கூடம் தொழுகைக்காக விடப்பட்டது. இடையில் ஒற்றைச் செங்கல் சுவர், சுவரில் ஒரு ஜன்னல். டிரையர் வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் மதியத் தொழுகை நடந்துகொண்டிருந்தபோது இது சீறியது. கடைசி வரிசையில் முதுகைக் காட்டி அமர்ந்திருந்த ஒருவர் தூக்கிவாரிப் போட்டதுபோல் அசைந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உடல் கூசிவிட்டது. எங்கள் வேலூர்க் கோயிலில் ஜெபவேளையில் ஒருவர் இருமினாலே திரும்பிப் பார்க்கிறவன் நான்.

மறுநாள் ஒன்றேகால் மணிக்கு, தானியங்கி வால்வுக்கு முன்னால் இருந்த கைவால்வை மூடினேன். சீறல் நின்றது. தொழுகை முடிய ஒன்று நாற்பது ஆகும். ஆனால் என் சாப்பாட்டு நேரம் ஒன்றரையிலிருந்து ஒன்று ஐம்பத்தைந்து. கை கழுவ ஐந்து நிமிடம். ஆகவே இரண்டு மணிக்குத் திறப்பேன். அன்று முதல் இது அன்றாட வழக்கமாயிற்று. லாக் புத்தகத்தில் மட்டும் எழுதவில்லை. அடுத்தவர் வழிபாட்டுக்குச் செய்யும் ஒரு சின்ன மரியாதையை எழுதிவைப்பது பீற்றிக்கொள்வதாகும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் மட்டும் பீற்றிக்கொண்டேன். தினமும், ஒன்றேகால் மணிக்கு.

கோடைக்காலம் போய் ஐப்பசி மழை பிடித்தது. அப்போதுதான் புள்ளிகள் வந்தன.

ஸ்ப்ரே பகுதியில் இரண்டு கூண்டுகள். ஒன்றில் தண்ணீரில் கரைத்த சாயத்தை அடிப்பார்கள். அதில் கூடுதலாக நாலு துளித் தண்ணீர் விழுந்தாலும் தெரியாது. தொழுகை நேரத்திலும் அந்தக் கூண்டு ஓடும். இன்னொன்றில் மேஸ்திரி கடைசிப் பூச்சான லாக்கரை அடிப்பார். லாக்கருக்குத் தண்ணீர் ஆகாது. கடுகளவு துளி பட்டாலும் கறுப்புத் தோலில் மோர் தெளித்ததுபோல் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படித்தான் பூத்தது. ஒரு நாள் எட்டுத் தோல், மறுநாள் பதினொன்று, அதற்கு மறுநாள் ஒன்பது. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு.

மேனேஜர் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்து வந்த இளைஞர். காரண காரியமாக யோசிப்பவர். கெட்டுப்போன தோல்களெல்லாம் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மணி வரை அடித்தவை என்று கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் துப்பாக்கியைப் பிடித்தவர் மேஸ்திரி. அதற்கு முன் தொழுகைக்குப் போனவர். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தவர்.

“ஈரக்கை” என்றார் மேனேஜர். “ஈரக்கையோட துப்பாக்கியப் பிடிக்கிறீங்க பாய். கையிலேர்ந்து சொட்டுது.”

“கழுவி அரை மணி ஆவுது சார். ஆம்பூர்ல அரை மணில ஆளே காஞ்சிடுவான்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் புள்ளி வந்தா வேற ஆளை ஸ்ப்ரே கன்னுல போடறேன். நீங்க பழையபடி சுண்ணாம்புத் தொட்டிக்குப் போயிடுங்க.”

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை; வியாழன் என்றால் வாரக் கடைசி. அது திங்கட்கிழமை. மேஸ்திரி, பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் ஒன்பது வருடம் நின்றவர். அவருடைய விரல் இடுக்குகளில் அந்த ஒன்பது வருடமும் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. துப்பாக்கிக்கு வந்தபிறகுதான் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட முடிகிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தார். கேலி இல்லாமல் அவர் என்னிடம் சொன்ன வாக்கியங்கள் சில உண்டு. அது அவற்றில் ஒன்று.

மேனேஜர் என் லாக் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். ஒரு மணி, நான்கு டிகிரி. இரண்டு மணி, நான்கு டிகிரி. மூன்று மணி, நான்கு டிகிரி. “உங்க பக்கம் சுத்தமா இருக்கு சார்” என்று திருப்பித் தந்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் மேஸ்திரிக்கு ஒரு யோசனையும் சொன்னேன்.

“நீங்களும் நேரம் போட்டு எழுதி வைங்க பாய். எப்போ கழுவினீங்க, எப்போ துடைச்சீங்கன்னு. எழுத்துல இருந்தா யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

அன்று பிற்பகல் ஸ்ப்ரே கூண்டின் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ‘1.10 ஒளு. 1.12 துண்டு. 1.41 சட்டையில் ஒரு தடவை. 1.42 ஃப்ரிட்ஜ்.’

கடைசி வரி எனக்குப் புரியவில்லை. மறுபடி போய்ப் பார்த்தபோது அவரே விளக்கினார். தொழுகை முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்து, டிரையர் வெளியே தள்ளும் வெப்பக் காற்றில் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிக் காயவைத்துக்கொண்டாராம். நான் அப்போது சாப்பாட்டில் இருந்தேன்.

“இன்னிக்குத்தான் சார் உங்க டிரையர் உருப்படியா ஒரு பொருளைக் காயவச்சுது” என்றார்.

அவர் கைகளை நீட்டி நின்ற இடத்துக்கு ஒரு முழம் கீழேதான் அந்தக் கைவால்வு இருந்தது. மூடியபடி. அன்றும் ஏழு தோல்களில் புள்ளி.

செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு. பாகாயத்திலிருந்து வேலூருக்குள் போய்ப் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வேண்டியிருந்தது. என் இடத்தில் பாய்லர்காரர் பார்த்துக்கொண்டார். சுவிட்ச் போடுவது, நிறுத்துவது, மணிக்கொருமுறை எழுதுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருந்தேன். கைவால்வைப் பற்றி அதில் எழுதவில்லை. மரியாதையை எப்படி ஒப்படைப்பது?

புதன்கிழமை காலை மேஸ்திரி என் அறை வாசலில் நின்றிருந்தார்.

“நேத்து ஒரு புள்ளி இல்ல சார்.”

“நல்லது பாய்.”

“நல்லதுதான். நீங்க இன்னும் ரெண்டு நாளு கண்ணு காட்டப் போனா நான் பொழச்சுக்குவேன்.”

“நான் வர்றதுக்கும் புள்ளிக்கும் என்ன சம்பந்தம்?”

“அதான் சார் நானும் யோசிக்கிறேன். சில பேர் ராசி அப்படி.”

ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்களில் உண்டு. அன்று பிற்பகல் மறுபடி ஐந்து தோல்களில் புள்ளி பூத்தது. மாலையில் கழிவுத் தோல் எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கி, அந்த மாதத்து நாட்களை ஒரு தாளில் பிரதியெடுத்துக்கொண்டு போனேன். வியாழக்கிழமை காலைப் பாசஞ்சரில் என் நாட்குறிப்பை அதன் பக்கத்தில் விரித்தேன். அந்த மாதத்தில் நான் வராத நாட்கள் மூன்று: கலவை ஊரில் ஒரு கல்யாணம், காட்பாடியில் ரயிலைத் தவறவிட்ட ஒரு நாள், கண்ணாடி. மூன்று நாட்களிலும் புள்ளி இல்லை. மழை தொடங்கியபின் நான் வந்த நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மேல்பட்டி தாண்டும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த நர்ஸ் ஒருவர், “உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

நான் செய்வதில் பாய்லர்காரர் செய்யாதது எது? ஏழு ஐம்பதிலிருந்து மனத்துக்குள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். எழுதியதை மட்டும்தான் ஓட்டினேன். எழுதாதது நினைவுக்கு வரவில்லை. அன்றும் அறையில் ஒன்றேகால் மணிக்கு என் கை தானாகக் கைவால்வுக்குப் போனது. பிடியைத் தொட்டேன். அங்கேயே நின்றது.

கோடையில் முக்கால் மணி நேரம் மூடினால் கிண்ணம் பாதிதான் நிறைந்திருக்கும். மழைக்காற்றில் அதற்குள் வழிந்துவிடும். சாயக் கூண்டு ஓடிக்கொண்டிருப்பதால் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். வழிந்தது குழாயில் ஏறி, ஒன்றே முக்காலுக்கு மேஸ்திரி துப்பாக்கியை அமுக்கும்போது அவருடைய லாக்கரோடு வெளியே வரும். இரண்டு மணிக்கு நான் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து திறப்பேன். எல்லாம் சரியாகிவிடும். லாக் புத்தகத்தில் நான்கு டிகிரி என்று எழுதுவேன்.

வால்வை மூடவில்லை. தொழுகை நடந்த இருபத்தைந்து நிமிடத்தில் டிரையர் இரண்டு தடவை சீறியது. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அன்று சாப்பாட்டுக்கும் போகவில்லை. ஒன்றே முக்காலுக்கு மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். இரண்டு மணிக்கு முப்பத்திரண்டு தோல் தொங்கியது. ஒரு புள்ளி இல்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இனிமேல் மூடாமல் விட்டால் போதும், புள்ளி வராது, மேஸ்திரியும் துப்பாக்கியில் இருப்பார், என் புத்தகமும் சுத்தமாக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மேனேஜர் வரும்வரை.

அவர் வந்து முப்பத்திரண்டையும் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா பாய். கையை ஒழுங்காத் துடைச்சா எல்லாம் சரியாப் போச்சு. கன்னுல நீங்களே இருங்க. ஆனா இந்த ஈரக்கை விஷயத்தை உங்க பேர்ல எழுதி ஆபீஸ்ல வச்சிருக்கேன். இன்னொரு தடவை வந்தா பேச்சு கிடையாது.”

மேஸ்திரி துப்பாக்கியைத் தாழ்த்தினார். தன் கைகளை ஒருமுறை பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் பேசாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், அது பாயோட கை இல்ல” என்றேன். “என்னோட கை.”

முழுதும் சொன்னேன். சத்தம், கடைசி வரிசை, கைவால்வு, ஒன்றேகால், இரண்டு. மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று பேருமாகக் கம்ப்ரஸர் அறைக்குப் போய், வால்வை மூடி, முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கழிவுத் தோலில் லாக்கரை அடித்தோம். மோர் தெளித்தது. வால்வைத் திறந்து ஒரு வாளியில் பிடித்தோம். நான் அதை அளவுக்குவளையில் ஊற்றி, அரை லிட்டருக்குச் சற்று மேல் என்றேன். “அளக்காமப் போவ மாட்டீங்களே” என்றார் மேஸ்திரி. குரல் திரும்பி வந்துவிட்டது.

மேனேஜர் அலுவலகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுத்துவந்து மேஸ்திரியின் முன்னாலேயே கிழித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. ஆனா லாக்ல எழுதியிருந்தா முதல் நாளே புடிச்சிருப்பேன்” என்றார். வாழ்க்கையில் என்னிடம் ஒருவர் ‘எழுதியிருக்கலாமே’ என்று சொன்னது அந்த ஒருமுறைதான்.

அவர் போனபிறகு மேஸ்திரி கேட்டார்.

“எந்தச் சத்தத்துக்கு சார் மூடினீங்க?”

“அதான் பாய், புஸ்ஸுனு. தொழுகை நேரத்துல தொந்தரவா இருக்கக்கூடாதேன்னு.”

“அந்தப் பக்கம் பாய்லரு கத்துது. இந்தப் பக்கம் ரோட்டுல லாரி கத்துது. நடுவுல உங்க புஸ்ஸு யாருக்குக் கேட்டுது?”

“முதல் வாரத்துல கடைசி வரிசையில ஒருத்தர் தூக்கிவாரிப் போட்டு அசைஞ்சாரு. நான் பாத்தேன்.”

“ஓரத்துல, தூணுகிட்டயா?”

“ஆமாம்.”

“அது நான் சார். கால் மரத்துப் போச்சு.”

அவர் விடவில்லை. “ஆறு மாசமா எங்களுக்காக அமைதி காத்திருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இன்னும் கொஞ்சம் சத்தமா வையுங்கன்னு சொல்லியிருப்பேன். பக்கத்துல இருக்கிறவரு கொட்டாவி விடாம இருப்பாரு.”

அன்றைய சரக்கில் இன்னும் நாற்பது தோல் பாக்கி இருந்தது. தண்டனையாக, கடைசித் தோல் வரைக்கும் நான் அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்டேன். அவர் அடித்து முடித்து ஒவ்வொரு தோலையும் பலகையோடு வெளியே நகர்த்த, நான் குனிந்து இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பார்த்து, சரி என்றேன். ஸ்ப்ரே கூண்டுக்குப் பக்கத்திலேயே நீராவி வெப்பத்தில் தோலைக் காயவைக்கும் சுரங்கம். பக்கத்தில் நிற்கப் பழகாதவனுக்குப் பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். பதினெட்டுத் தோல் வரை சரி. பத்தொன்பதாவது நல்ல மினுமினுப்பான தோல். ஓரத்தில் ஏதோ நிழல்போல் தெரிய, இன்னும் தாழக் குனிந்தேன்.

என் நெற்றியிலிருந்து ஒரு துளி விழுந்தது. நட்டநடுவில். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது வெள்ளையாகப் பூத்தது.

மேஸ்திரி துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டினார். தன் தோள் துண்டை எடுத்து, நாலாக மடித்து, என்னிடம் நீட்டினார்.

“மூணு அடி தள்ளி நில்லுங்க சார்” என்றார். “நீங்க நிக்கிற எடத்துல லாக்கர் அடிக்க முடியாது.”

துடைத்துக்கொண்டு மூன்று அடி தள்ளி நின்றேன். அவர் இருபதாவது தோலைப் பலகையில் விரித்தார்.